நான்காம் வாரம்

பெர்கனில் வெள்ளிக்கிழமை, மூன்றே முக்கால் மணி.
துறைமுகப் பக்கத்து ஜன்னலில் மழை.
இந்த ஊரில் அதற்கு யாரும் தலை தூக்குவதில்லை.
திரையில் ஐந்து புள்ளிகள்,
சால்மன் கிலோவுக்கு எத்தனை குரோனர் என்று
ஐந்து வாரங்கள் சொல்லிப்போன சொல்:
எழுபது, எழுபத்திரண்டு, எழுபத்து நான்கு,
அறுபத்தொன்று,
எழுபத்தெட்டு.

ஆறாவதைச் சொல்வது என் வேலை.
அதற்குத்தான் சம்பளம், காபி, சுழல் நாற்காலி.

கோடு போடுவது பெரிய வித்தை இல்லை.
ஒவ்வொரு புள்ளியும் கோட்டுக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறதோ
அதை அதாலேயே பெருக்கு. எல்லாவற்றையும் கூட்டு.
கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைவோ
அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும் கோடு.
அருகில் இருப்பவனை அது லேசில் மன்னிக்கும்.
தொலைவில் இருப்பவன் பக்கமோ உடம்போடு சாயும்,
ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்
வீடு மொத்தமும் அந்தக் கட்டிலைச் சுற்றிக்கொள்வதுபோல.

ஐந்தையும் வைத்தால் அடுத்த வாரம் எழுபத்திரண்டரை.
நான்காம் வாரத்தை மட்டும் எடுத்துவிட்டால்
மிச்சம் நான்கும் முத்துக் கோத்தாற்போல் ஒரே வரிசையில்
நேரே போய் எண்பதைத் தொடுகின்றன.

நான்காம் வாரம் என்ன நடந்தது, எனக்குத் தெரியும்.
ஹார்டாங்கர் ஃபியோர்டில் கௌத்தேயின் கூண்டுகளுக்குள்
நூல் நூலாக ஜெல்லிமீன் புகுந்தது.
செவுள் வெந்த மீன்களை
சாவதற்கு முன் அறுத்துச் சந்தையில் கொட்டினார்கள்.
இரவு இரண்டு மணிக்கு அவன் தொலைபேசியில்,
"நாற்றம், ஓஸ்ஹில்ட். கையுறைக்குள்ளும் நாற்றம்."
விலை பதின்மூன்று குரோனர் விழுந்தது.

"அது விபத்து," என்றாள் மேலாளர் ப்யெல்லாண்ட்.
"விபத்துக்கு ஏது போக்கு?"
புள்ளியைத் தொட்டேன். நீக்கினேன்.
பேன் நசுங்கும் சத்தம்கூட இல்லாமல்
போனது கௌத்தேயின் இரவு.

இவ்வளவு நேராக எந்தக் கடலும் நடந்ததில்லையே என்று
ஒரு நொடி தோன்றியது.
தோன்றியதை ஓரமாக வைத்துவிட்டு
எழுபத்தெட்டுக்கு நாற்பது டன் பேசி முடித்தேன்.

ஆறாம் வாரம்
எண்பதும் இல்லை, எழுபத்திரண்டரையும் இல்லை.
அறுபத்தாறு.
ஜெல்லிமீன் வடக்கே இன்னும் மூன்று ஃபியோர்டுகளுக்குப் போயிருந்தது.
தான் ஒரு விபத்து என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.

நாற்பதாயிரம் கிலோ, கிலோவுக்குப் பன்னிரண்டு.
நான்கு லட்சத்து எண்பதாயிரம் குரோனர்.
ப்யெல்லாண்ட் திட்டவில்லை, கதவையும் சாத்தவில்லை.
கண்ணாடியைக் கழற்றி
மூக்கில் அது பதித்த குழியை
வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போனபின் நீக்கியதைத் திரும்ப வைத்தேன்.
ஆறு புள்ளிகள்.
கோடு இப்போது கீழ்நோக்கி, கொஞ்சமே கொஞ்சம்,
இருட்டில் படி தேடும் கால்போல.
மேலே தப்பிய பிழையையும் கீழே தப்பிய பிழையையும் கூட்டினால்
எப்போதும் பூஜ்யம்தான் வரும்.
பாடப்புத்தகம் இதைப் பெருமையாகச் சொல்லும்.
பூஜ்யமாம்!
மேலே தப்பியதை யாரோ ஒருவன் சாப்பிட்டான்.
கீழே தப்பியதற்கு நாங்கள் பில் கட்டினோம்.
இரண்டையும் கூட்ட
ஒரே மேஜையில் எங்களை யாரும் உட்காரவைக்கவில்லை.

ஒன்பது மணிக்குக் கௌத்தே அழைத்தான்.
"அடுத்த வாரம் என்ன விலை?"
"அறுபத்தெட்டு புள்ளி ஏழு என்கிறது கோடு."
"நீ என்ன சொல்கிறாய்?"

பதில் என் கையில் இல்லை. கேட்டேன்:
"தண்ணீர் எப்படி இருக்கிறது?"

முதலில் பேச்சில்லை. பிறகு,
"டார்ச் எடுக்கிறேன், இரு."
பலகைமேல் தொலைபேசியை வைத்துவிட்டுப் போனான்.
பூட்ஸ் சத்தம். ஒரு வாளி இடறியது.
அவன் பக்கத்து மழையைக் கேட்டுக்கொண்டு
காத்திருக்கிறேன்.